மடிப்பக்காவின் ஜிபுலி

இஸ்திரி உருளையிலிருந்து சூடு ஆறாமல் வெளியே வரும் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து ஓர் உதறு. எதிர்முனையைப் பிடித்திருப்பவளை நோக்கி இரண்டு எட்டு. முனையோடு முனை சேர்த்து, விரல் மாற்றி, பின்னால் இரண்டு எட்டு. ஒரு விரிப்புக்குப் பதினொரு விநாடி. இதைச் செய்யும்போது மடிப்பக்கா கையைப் பார்ப்பதே இல்லை. கண் கூடத்தை வலம் வந்துகொண்டிருக்கும். வாய் ஓயாது. "நெசுத்தா!" என்று அவள் குரல் கொடுத்தால், உருளைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் அடுத்த துணி வண்டியைத் தள்ளிவிடுவார்கள். "செங்!" என்றால் கூடத்தின் கோடியில் சலவை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மலைக்காரர் வெந்நீர்க் குழாயைத் திருப்புவார். வெளியாட்கள் யாராவது வந்தால் இது எந்த ஊர்ப் பாஷை என்று கேட்பார்கள். "எங்க அண்ணன் ஊர்ப் பாஷை" என்பாள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "எங்க அத்தை வீட்டு மாடிப்படிக்குக் கீழே" என்பாள். சிரிக்க மாட்டாள்.

ஆள் குட்டை. வயது ஐம்பத்தாறு. முன்கைகளில் உருளை சுட்ட தழும்புகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தழும்புக்கும் அவளிடம் ஒரு வருஷம் உண்டு, ஒரு கதை உண்டு. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக மடிக்கிறாள். வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட மடிக்க மாட்டாள். அவள் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து வீட்டுத் துணியெல்லாம் அவர்தான் மடித்து அடுக்க வேண்டும். அவர் மடித்த லட்சணத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதுதான் தன் இல்லறத்தின் பெரிய சாதனை என்று சொல்லிக்கொள்வாள்.

அண்ணன் ஊர்ப் பாஷை என்று அவள் சொல்வது பொய்யில்லை. அவளுக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. அம்மா தொலைவில் எங்கோ வேலைக்குப் போக, பிள்ளைகள் இரண்டும் அத்தை வீட்டில் வளர்ந்தார்கள். அத்தை மோசமான மனுஷி இல்லை. காதுதான் பாம்புக் காது. அம்மாவைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் போதும், "என்ன குறை வெச்சேன் உங்களுக்கு?" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்கும் பழைய செருப்புகளுக்கும் நடுவே உட்கார்ந்து, அண்ணன் ஒரு பாஷையையே உண்டாக்கினான். ஜிபுலி என்று பெயர் வைத்தான். ஒரு கோடு போட்ட நோட்டில் சொற்களை வரிசையாக எழுதினான். துணி என்றால் நெசு. நிறையத் துணி என்றால் நெசுநெசு. தண்ணீர் புலோ. நீ என்பது மி. எல்லாவற்றிலும் முக்கியமான சொல் 'கிர்ரோ'. அதற்கு அர்த்தம், அத்தை வருகிறாள்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அத்தை சொம்பை நீட்டி, "புலோ வேணுமா?" என்று கேட்டுவிட்டாள். அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். அன்று சாயங்காலமே நோட்டில் புலோவை அடித்துவிட்டு, தண்ணீருக்கு வேறு சொல் எழுதினான். தங்கை மட்டும் புலோவை விடவில்லை. அத்தை சொன்னதால் அது தண்ணீர் இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டாள். அண்ணன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை, எந்தப் பாஷையிலும்.

வளர்ந்தார்கள். அண்ணன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராகச் சேர்ந்தார். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் எழுத்தில் ஒற்று விட்டுப்போன இடங்களைக் கண்டுபிடித்துவிட்டு ஓய்வுபெற்றார். நோட்டு அவரிடம் பத்திரமாக இருந்தது. பாஷை தங்கையோடு சலவைக் கூடத்துக்குப் போனது.

அவள் சேர்ந்த காலத்தில் அந்தக் கூடம் ஒரு சந்தைக்கடை. முப்பது பேர், நாலு பாஷை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் ஒரு கூட்டம், மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஒரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் தாத்தன் காலத்திலிருந்தே ஒரு மேய்ச்சல் நிலத் தகராறு. அக்கரைக்காரர்கள் மலைப் பேச்சை நாவால் தொட மாட்டார்கள். மலைக்காரர்களுக்கோ அக்கரைப் பேச்சைக் கேட்டாலே முகம் சுருங்கும். அலுவலகப் பாஷை இருந்தது. அது குமாஸ்தாக்கள் அதட்டுவதற்கு மட்டும் பயன்பட்டது. இயந்திரச் சத்தத்தில் கையால் காட்டிக் காட்டி, வெந்நீர் கேட்டவனுக்குக் குளிர்நீர் வந்து, மருத்துவமனைத் துணியும் விடுதித் துணியும் கலந்து, தினம் ஒரு ரகளை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவள் ஒரு விரிப்பைத் தூக்கிக் காட்டி, "நெசு" என்றாள். இரண்டு பக்கத்தாரும் விழித்தார்கள். அவள் மறுபடி சொன்னாள். இது யார் வீட்டுச் சொல் என்று அவரவர் யோசித்துப் பார்த்தார்கள். எதிராளி வீட்டுச் சொல் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பக்கமும் அதைச் சொல்லிப் பார்த்தது. சொன்னதால் யாருக்கும் தலை குனியவில்லை. அப்படித்தான் ஜிபுலி அங்கே காலூன்றியது.

காலூன்றிய பாஷை அண்ணன் எழுதிவைத்தபடி நின்றுகொண்டிருக்குமா? அக்கரைக்காரர்களின் நாக்கில் 'ர' என்ற எழுத்தே கிடையாது. அதனால் கிர்ரோ அவர்கள் வாயில் கில்லோ ஆயிற்று. பிறகு எல்லோர் வாயிலும் கில்லோதான். அந்தக் கூடத்தில் யாருக்கும் அத்தை இல்லாததால் அதற்கு அர்த்தமும் மாறி, ஆபத்து, கையை எடு என்று ஆயிற்று. நாளைக்கு நாலாயிரம் துணி வரும் இடத்தில் நெசுநெசு என்று இரட்டித்துச் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கு மூச்சு இருக்கிறது? அக்கரைப் பேச்சில் பன்மைக்கு வரும் 'த்தா' வந்து ஒட்டிக்கொண்டது. மலையில் குளிரில் வாழ்ந்தவர்களுக்கு வெந்நீரையும் தண்ணீரையும் ஒரே பெயரால் சொல்வது ஆகவில்லை. 'செங்' என்று தங்கள் வெந்நீரைக் கொண்டுவந்தார்கள். அது வந்ததும் புலோவின் மதிப்பு இறங்கி, இப்போது சாக்கடையில் போகும் அழுக்குத் தண்ணீருக்கு மட்டும் புலோ என்கிறார்கள்.

இந்த 'மி' ஒரு பெரிய சங்கடமாக இருந்தது. அண்ணன் தங்கைக்கு நடுவே மரியாதை எதற்கு? ஜிபுலியில் 'நீ' மட்டும்தான் உண்டு, 'நீங்கள்' கிடையாது. விரிப்பின் எதிர்முனையைப் பிடிக்க வந்த அக்கரைக்காரிக்கு மூத்தவளை மி என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் எதுவுமே கூப்பிடாமல் கனைத்துக் கனைத்தே காலம் தள்ளினாள். எட்டாம் நாள், தங்கள் வழக்கத்திலிருந்து ஓர் 'ஓ'வைக் கொண்டுவந்து மாட்டி, "மியோ" என்றாள். மடிப்பக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. சொந்த பாஷையில் தனக்கு முதல்முறையாக மரியாதை கிடைத்தது என்பாள்.

சிக்கல் புதிய மேலாளர் வந்த பிறகு வந்தது. ஒரு நாள் காலை விடுதிக்காரர்கள் சிலரை அழைத்துவந்து, மேலே கண்ணாடி அறையிலிருந்து கூடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து உருளைக்குள் போகவிருந்த ஒரு மருத்துவமனை விரிப்பின் மடிப்பில் ஏதோ மினுங்கியது. மடிப்பக்கா "கில்லோ!" என்றாள். கூடத்திலிருந்த முப்பத்தெட்டு பேரின் கைகளும் ஒரே நொடியில் தலைக்கு மேல் போயின. யாரோ அபாயக் கயிற்றை இழுக்க, உருளை நின்றது. விரிப்பை உதறினால் உள்ளே அறுவைக் கத்தி ஒன்று, விரல் நீளத்துக்கு. அதைப் பிறகு மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். நல்லது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் அவர் மனதில் கத்தி நிற்கவில்லை. ஒரு கிழவி ஒரு சொல் சொன்னதும் மேலே போன முப்பத்தெட்டு ஜோடிக் கைகள்தான் நின்றன. அந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை. விருந்தாளிகள் அது என்ன என்று கேட்டபோது அவரால் பதில் சொல்லவும் முடியவில்லை.

மறுவாரம் சுவரில் அறிவிப்பு தொங்கியது. வேலை நேரத்தில் அலுவலக மொழி தவிர வேறு எதுவும் பேசக் கூடாது. மடிப்பக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம். மறைமொழி ஒன்றைப் பரப்பி ஆட்களைத் திரட்டுவதாகப் புகார், எல்லாச் சொற்களையும் அர்த்தத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும், இனி பேசமாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும், வெள்ளிக்கிழமை விசாரணை.

செய்தி அண்ணன் காதுக்கு எட்டியது. அவர் வெள்ளிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் உறைபோட்ட நோட்டோடு தங்கை வீட்டு வாசலில் நின்றார். தங்கைக்காக வந்தார் என்பதில் சந்தேகமில்லை. நோட்டுக்காகவும் வந்தார். நாற்பத்தைந்து வருஷமாக யாரும் கேட்காத நோட்டை ஓர் அலுவலகம் கேட்கிறது என்றால் மனிதருக்கு இருப்புக் கொள்ளுமா? வழியெல்லாம் பாதிப் பெருமையும் பாதிப் பதற்றமுமாகப் பேசிக்கொண்டே வந்தார். தானே எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாகவும், அவள் வாயைத் திறக்கவே வேண்டாம் என்றும் சொன்னார்.

விசாரணை அறையில் மேலாளர், ஒரு குமாஸ்தா, சாட்சிக்குக் கூப்பிடப்பட்ட அக்கரைக்காரி, மலைக்காரர். அண்ணன் நோட்டை மேசையில் விரித்து, நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள், ஒன்பது பக்க இலக்கணம், இதில் ஒரு சதியும் கிடையாது, வெறும் சிறுபிள்ளை விளையாட்டு என்றார். விளையாட்டு என்ற சொல் மடிப்பக்காவுக்குச் சுருக்கென்றது.

மேலாளர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்து, தெரியுமா என்று சாட்சிகளைக் கேட்டார். நெசுநெசு என்றதற்கு அக்கரைக்காரி தலையைச் சாய்த்து யோசித்து, நெசுத்தாவா என்று திருப்பிக் கேட்டாள். தண்ணீருக்கு அண்ணன் மாற்றி எழுதிய சொல்லை இருவரும் கேள்விப்பட்டதே இல்லை. மேலாளர் "கிர்ரோ" என்று படித்தார். மலைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். மேலாளர் எதிரே எழுதியிருந்த அர்த்தத்தையும் படித்தார்: அத்தை வருகிறாள்.

"யாரோட அத்தை?" என்று கேட்டார். குமாஸ்தா குனிந்து காலணியைச் சரிசெய்வது போலச் சிரித்தார்.

படித்துக் காட்டிய பன்னிரண்டு சொற்களில் மூன்றுதான் சாட்சிகளுக்கு அடையாளம் தெரிந்தது. அப்படியானால் இந்த நோட்டு வேறு, இவர்கள் பேசுவது வேறு என்று மேலாளர் முடிவுக்கு வந்தார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் பேசிக்காட்டுங்கள் என்று சாட்சிகளைப் பார்த்து அவரே சொன்னார். அக்கரைக்காரியும் மலைக்காரரும் கொஞ்சம் கூச்சத்தோடு பேச ஆரம்பித்தார்கள். அறை சூடாக இருக்கிறது, சாப்பாட்டு மணி அடித்துவிடும், இன்னும் ஒரு வண்டித் துணி பாக்கி என்று ஏதோ சாதாரணப் பேச்சு. தான் பெற்ற பாஷையில் பேசுகிறார்கள், அண்ணனுக்கு நாலு சொல்கூடப் பிடிபடவில்லை. மெய்ப்பு பார்க்கும் பழக்கத்தில் அவர் விரல் மட்டும் காற்றில் ஒவ்வொரு பிழையாகத் தட்டிக்கொண்டே வந்தது. கடைசியில் விரல் நின்றுவிட்டது.

"இது என் பாஷையே இல்ல" என்றார், தங்கையைப் பார்த்து. "கெடுத்து வச்சிருக்கே. நடுவுல நடுவுல ஆவெ, ஆவென்னு ஒண்ணு வருதே, அது எங்கேருந்து வந்துச்சு? நான் அப்படி ஒரு சொல் எழுதவே இல்ல."

அதுவரை கைகட்டி உட்கார்ந்திருந்த மடிப்பக்கா நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். மேலாளர் அங்கே இருப்பதையே மறந்துவிட்டாள் போலிருந்தது.

"நீ எழுதினதுல தும்னு ஒரு சொல் இருக்கு அண்ணே. தும்னா நாங்க. நீயும் நானும், அத்தைய வெளிய நிறுத்திட்டு. ரெண்டு பேருக்கு அது போதும். இங்க முப்பத்தெட்டு பேர் இருக்கோம். நான் யாரை வெளிய நிறுத்தறது? நாமன்னு சொல்றதுக்கு உன் நோட்டுல சொல்லே இல்ல. தேடிப் பாரு. ஆவென்னா அதுதான், நாம. இவர் வீட்டுல இருந்துச்சு, இவர் கொண்டுவந்தார்." மலைக்காரரைக் கைகாட்டினாள். "அவர் பேச்சை வாயில வைக்க மாட்டோம்னு இருந்தவங்கதான் இவங்க ஜனம். இப்ப இவளும் ஆவென்னுதான் சொல்றா. அதுக்குப் பேரு கெட்டுப்போறதா?"

அண்ணன் நோட்டைப் புரட்டினார். உண்மையாகவே தேடினார். நாம் என்ற சொல் அதில் இல்லை.

"கெட்டதுன்னா நாறும்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "ஈரத்துணிய மூட்டையா கட்டி வச்சாத்தான் நாறும். நான் விரிச்சுப் போட்டேன்."

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். அண்ணன் தங்கை வழக்கைக் கேட்க அவர் உட்காரவில்லை. நோட்டு பயன்படாது என்றால் இப்போது பேசுகிற சொற்களை எழுதிக் கொடுக்கட்டும், உறுதிமொழியில் கையெழுத்திடட்டும், விஷயம் முடிந்தது என்றார். தாளையும் பேனாவையும் தள்ளினார்.

மடிப்பக்கா தாளை எடுத்து ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். இன்றைக்கு எழுதிக் கொடுத்தால் அடுத்த மாசம் அது பொய்யாகிவிடும், பொய்க்குத் தான் கையெழுத்துப் போட்டதாக ஆகும், அதனால் முடியாது என்றாள். பிறகு பேனாவை மேலாளர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பேச மாட்டேன்னு எழுதிக் கேக்கறீங்க. நாளைக்கு மறுபடி ஒரு கத்தி வந்தா நான் என்னன்னு கத்தணும் சார்? முப்பத்தெட்டு பேருக்கும் அந்த நொடியே புரியணும். அந்த ஒரு சொல்ல இதுல நீங்க எழுதுங்க. அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்."

மேலாளர் பேனாவைக் கையில் எடுத்தார். அலுவலக மொழியில் அதற்கு வார்த்தைகள் இல்லாமல் இல்லை. தங்கள் கைகளை உடனடியாக அகற்றிக்கொள்ளவும் என்ற வகையில் நிறையவே இருந்தன. பேனாவை மூடி வைத்தார். முடிவு பின்னர் தெரிவிக்கப்படும் என்று குமாஸ்தாவைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அண்ணனும் தங்கையும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். பேருந்து வரும்போது அண்ணன் ஆவெ என்பதை எப்படி எழுதுவது, குறிலா நெடிலா என்று கேட்டார். தெரியாது, இங்கே யாரும் அதை எழுதினதில்லை என்றாள். அவர் தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டார். நாலு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். நலம் விசாரித்தார். வைக்கும்போது, "சரி, பாத்துக்கோங்க, மியோ" என்றார். அது கிண்டலா, மரியாதையா என்று மடிப்பக்காவுக்கு இன்றுவரை தெரியாது. கிண்டலாக இருந்தால் பதில் தயாராக வைத்திருக்கிறாள். மரியாதையாக இருந்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

முடிவு அடுத்த திங்கட்கிழமை வந்தது. வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் கத்திக் கதை வெளியே வரும் என்று குமாஸ்தா யாரிடமோ சொன்னாராம். நிர்வாகக் காரணங்களுக்காக அவளைக் கூடத்திலிருந்து எடுத்து, பின்கட்டில் சீருடை அழுத்தும் அறைக்கு மாற்றினார்கள். சன்னல் இல்லாத அறை, நடுவே ஒரு நீராவி இயந்திரம். அங்கே வேலை பார்ப்பவள் ஒருத்திதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கோ தொலைவிலிருந்து வந்தவள்; எந்தப் பக்கத்து ஜனம் என்று யாருக்கும் தெரியாது. அவள் பேச்சை அறிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. யோசித்துத்தான் அந்த அறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

கூடத்தை விட்டுப் போகும்போது மடிப்பக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் கதவைத் தாண்டுவதற்குள் அறிவிப்புப் பலகைக்கு நேர் கீழே நின்று அக்கரைக்காரி, "நெசுத்தா!" என்று குரல் கொடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து வண்டி உருண்டு வந்தது. மேலே கண்ணாடி அறையில் மேலாளர் எழுந்து நின்றார். முப்பத்தேழு பேரை எந்த அறைக்கு மாற்றுவது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

பின்கட்டு அறையில் புதியவள் தலை நிமிரவில்லை. ஒரு மேலங்கியை இயந்திரத்தில் விரித்து, மேல்பலகையை இறக்கி, மிதிகட்டையை அழுத்தினாள். புஸ்ஸென்று நீராவி எழுந்து இரண்டு பெண்களுக்கும் நடுவே திரைபோல நின்றது. மடிப்பக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அந்த நீராவியை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டாள்.